3 வயசு குழந்தைக்கு ஸ்கூல்ல மதம் சொல்லிக்கொடுக்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நர்சரி வயசு குழந்தைங்களோட ரொம்ப வருஷம் வேலை பார்த்திருக்கேன், எனக்கும் குழந்தை இருக்கு. பெற்றோரும் புதுசா வேலைக்கு சேர்ந்த டீச்சருங்களும் என்கிட்ட திரும்பத் திரும்ப கேட்டத இங்க ஒண்ணா போட்டிருக்கேன். பேசப்போறது 3லருந்து 6 வயசு வரைக்கும் உள்ளவங்கள பத்தி மட்டும்தான், அதுவும் எந்த மதத்தையும் சேராத ஸ்கூல்ல படிக்கறவங்கள பத்தி. வளர்ந்த பிள்ளைங்க விஷயம் வேற.

மதம் சாராத ஸ்கூல்னு எத சொல்றீங்க?

அரசு நடத்துற ஸ்கூல், அப்புறம் "எல்லாருக்கும் பொதுவான ஸ்கூல்"னு சொல்லி அட்மிஷன் போடுற தனியார் ஸ்கூல். ஒரு மத அமைப்பு நடத்துற ஸ்கூல்ல சேர்க்குறவங்க தெரிஞ்சேதான் சேர்க்குறாங்க, அங்க பிரேயர் நடந்தா யாரும் ஏமாந்துட்டேன்னு சொல்ல முடியாது. பொது ஸ்கூல்ல சேர்த்தவங்க அப்படி ஒரு சம்மதம் யாருக்கும் குடுக்கல, அவ்ளோதான் வித்தியாசம், ஆனா பெரிய வித்தியாசம்.

கண்ண மூடி கை கூப்பி ஒரு நிமிஷம் சாமி கும்பிடறதுல என்ன வந்துடப் போகுது?

பெரியவங்களுக்கு ஒண்ணும் இல்ல. நமக்கு பிடிக்கலன்னா வாய மட்டும் அசைச்சிட்டு மனசுக்குள்ள வேற ஏதாவது நினைச்சுட்டு நிக்கலாம், 4 வயசு குழந்தைக்கு அந்த வித்தை தெரியாது. டீச்சர் சொன்னா அது உண்மை. தண்ணி குடிச்சா தாகம் போகும்னு சொன்ன அதே வாய்தான் சாமி பாத்துட்டே இருக்கார்னும் சொல்லுது, ரெண்டையும் ஒரே பெட்டியிலதான் குழந்தை போட்டு வைக்கும்.

எனக்கு மறக்கவே முடியாத ஒண்ணு சொல்றேன். நான் வேலை பார்த்த ஒரு இடத்துல, பொது ஸ்கூல்தான், காலைல ஒரு டீச்சர் "சாமி கும்பிடற பிள்ளைங்கதான் நல்ல பிள்ளைங்க"ன்னு தினமும் சொல்லிட்டு இருந்தாங்க, கெட்ட எண்ணத்துல இல்ல, பிள்ளைங்கள அமைதியா உக்கார வைக்கத்தான். ஒரு நாலு வயசு பொண்ணு வீட்டுக்குப் போய் அவங்க அம்மாகிட்ட "நீ சாமியே கும்பிட மாட்டேங்கறியே, அப்ப நீ கெட்டவளாம்மா"ன்னு கேட்டிருக்கா. கேட்டுட்டு அழுதிருக்கா, ஏன்னா அவளுக்கு அம்மாவையும் விட முடியல டீச்சரையும் விட முடியல. அடுத்த நாள் அந்த அம்மா என் முன்னாடி நின்னு இத சொன்னப்ப எனக்கு தலையே நிமிரல, அத்தன நாளும் பக்கத்து க்ளாஸ்ல உக்காந்து அந்த வாக்கியத்த நானும் கேட்டுக்கிட்டுதானே இருந்தேன்.

இந்த வயசுல ஒண்ணும் புரியாது, அப்புறம் எப்படி பாதிக்கும்?

புரியாததாலதான் பாதிக்கும். அந்த வயசு குழந்தைங்க உலகத்துல உள்ள மலை, ஆறு, நிலா எல்லாத்தையும் யாரோ ஒருத்தர் செஞ்சு வெச்சதாத்தான் நினைக்கறாங்கன்னு ஸ்விட்சர்லாந்து உளவியல் அறிஞர் பியாஜே ரொம்ப முன்னாடியே எழுதிட்டார். 1960கள்ல இங்கிலாந்துல ரொனால்ட் கோல்ட்மன்னு ஒருத்தர், அவர் மதக்கல்விக்கு எதிரியே இல்ல, மத போதகரா இருந்தவர், குழந்தைங்ககிட்ட வேதக் கதைங்கள சொல்லி அவங்க எப்படி புரிஞ்சுக்கறாங்கன்னு பார்த்தார். சின்னப் பிள்ளைங்க எல்லாத்தையும் அப்படியே நேரடியா எடுத்துக்கறாங்க, உருவகம்னு ஒண்ணு அவங்க கைக்கு எட்டவே இல்ல, சீக்கிரமே தப்பா பதிஞ்சா பின்னாடி மாத்தறது கஷ்டம்னு அவர் சொன்னார். அதாவது மதத்து மேல மரியாதை இருக்கறவங்களே இந்த அவசரம் வேணாம்னுதான் சொல்லியிருக்காங்க.

இன்னொரு ஆராய்ச்சி எனக்கு ரொம்ப பிடிச்சது. பால் ஹாரிஸும் அவர்கூட வேலை செஞ்சவங்களும் 2006ல வெளியிட்டது. குழந்தைங்க கிருமியையும் பாத்ததில்ல, கடவுளையும் பாத்ததில்ல, பெரியவங்க சொல்லித்தான் ரெண்டுமே தெரியும், ஆனாலும் கிருமி இருக்குன்னு சொல்றப்ப இருக்கற உறுதி கடவுள் விஷயத்துல கொஞ்சம் குறைவா இருக்கு. ஏன்னு கேட்டா, அவங்க சொல்ற ஒரு காரணம், "கிருமி இருக்குன்னு நான் நம்பறேன்"னு யாரும் பேசறதில்ல, கடவுளப் பத்தி பேசறப்பதான் நம்பறேன்னு ஒரு வார்த்தை வருது, பிள்ளைங்க காது அத பிடிச்சுக்குது. பாருங்க, நாம எந்த வார்த்தைல சொல்றோம்ங்கறது அவ்ளோ முக்கியம். நம்பறாங்கன்னு சொல்றதுக்கும் அப்படித்தான்னு சொல்றதுக்கும் நடுவுல ஒரு குழந்தையோட மொத்த உலகமும் இருக்கு.

அப்ப மதம்னு ஒண்ணு இருக்குன்னே சொல்லக்கூடாதா?

தாராளமா சொல்லலாம், சொல்லணும். மதத்தைப் பத்தி சொல்றது வேற, மதத்த ஊட்டறது வேற. "இந்த கட்டடத்துக்கு சில பேர் பிரார்த்தனை செய்ய போவாங்க", இது தகவல். "இங்க போனாதான் சாமி நம்மள காப்பாத்துவார்", இது போதனை. "அவங்க வீட்ல சாப்பிடறதுக்கு முன்னாடி நன்றி சொல்வாங்க", தகவல். "வாங்க எல்லாரும் நன்றி சொல்லலாம்", அது வழிபாடு. டீச்சர் ட்ரெய்னிங்ல இத ஒரு மணி நேரம் உக்கார வெச்சு பழக்கினாலே பாதி பிரச்சன தீர்ந்துடும்னு நினைக்கறேன், ஏன்னா பெரும்பாலான டீச்சருங்க வேணும்னு பண்றதில்ல, தனக்கு வீட்ல வந்த பேச்சு அப்படியே வாய்ல வருது.

கோர்ட்டுங்களும் இந்தக் கோட்டத்தான் போட்டிருக்கு. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1963ல அரசு ஸ்கூல்ல காலைல பைபிள் வாசிக்கறது செல்லாதுன்னு சொன்னப்பவே, மதங்கள பத்தி பாடமா படிக்கறது தப்பில்லன்னும் சேர்த்து சொல்லிச்சு. இந்திய உச்ச நீதிமன்றமும் 2002ல பாடத்திட்டம் சம்பந்தமான ஒரு வழக்குல மத போதனை வேற, மதங்கள பத்தின படிப்பு வேறன்னு பிரிச்சு பார்த்துச்சு. ஆனா ஒரு விஷயம், அந்தப் படிப்பு எழுதப் படிக்க தெரிஞ்ச, ஒப்பிட்டு பார்க்க தெரிஞ்ச பிள்ளைங்களுக்கானது. 4 வயசுக்கு "மதங்களின் வரலாறு"ன்னு தனி பீரியட் எல்லாம் தேவையே இல்ல, பேச்சுவாக்குல வர்றது போதும்.

சட்டம் என்ன சொல்லுது?

நாட்டுக்கு நாடு மாறும், உங்க ஊர் சட்டத்த நீங்கதான் பாக்கணும். பொதுவா சில விஷயம் சொல்றேன்.

1989ல ஐநா நிறைவேத்தின குழந்தை உரிமை உடன்படிக்கையோட 14வது பிரிவு, சிந்தனை, மனசாட்சி, மத சுதந்திரம் குழந்தைக்கும் உண்டுன்னு சொல்லுது. குழந்தை வளர வளர அதோட திறனுக்கு ஏத்த மாதிரி வழிகாட்டற உரிமை பெற்றோருக்குன்னும் சொல்லுது. ஸ்கூலுக்குன்னு சொல்லல, இத கவனிங்க.

இந்திய அரசியலமைப்புல 28வது பிரிவு. முழுக்க அரசு பணத்துல நடக்குற கல்வி நிலையத்துல மத போதனை கூடாது. அரசு அங்கீகாரமோ நிதி உதவியோ வாங்குற மத்த இடங்கள்ல, படிக்கறவங்க சம்மதம் இல்லாம, மைனரா இருந்தா காப்பாளர் சம்மதம் இல்லாம, மத போதனைலயோ வழிபாட்டுலயோ கலந்துக்க சொல்லி கட்டாயப்படுத்தக் கூடாது. சம்மதம்னா முன்னாடியே கேட்டு வாங்கணும்னுதான் அர்த்தம், நடத்திட்டு அப்புறம் "யாரும் ஒண்ணும் சொல்லலையே"ன்னு சொல்றது சம்மதம் ஆகாது.

ஃப்ரான்ஸ் 1882லயே அரசு ஆரம்பப் பள்ளிகள்லருந்து மத போதனைய எடுத்துட்டாங்க. எடுத்ததோட விடல, ஞாயித்துக்கிழம போக வாரத்துல இன்னொரு நாள் லீவு விடணும், பெற்றோர் விரும்பினா அன்னைக்கு ஸ்கூல் கட்டடத்துக்கு வெளிய மதம் சொல்லிக்கொடுத்துக்கட்டும்னு அதே சட்டத்துல எழுதினாங்க. எனக்கு இது ரொம்ப நாகரிகமான ஏற்பாடா படுது. மதத்த தடுக்கல, அதுக்கு நேரமும் ஒதுக்கி வெச்சிருக்காங்க, இடம் மட்டும் வேற.

இங்கிலாந்து இதுக்கு நேர் எதிர், அங்க அரசு ஸ்கூல்ல மதக்கல்வி கட்டாயப் பாடம். ஆனா அங்க கூட நர்சரி வகுப்பு குழந்தைங்களுக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. மதத்த பாடமா வெச்ச நாடே அந்த வயச விட்டுடுது!

பிடிக்காதவங்க குழந்தைய அந்த நேரம் மட்டும் வெளிய உக்கார வெச்சா போச்சு, இதுக்கு ஏன் இவ்ளோ பேச்சு?

4 வயசு குழந்தைய தனியா வெளிய உக்கார வைக்கறதுக்கு பேர் என்ன? தண்டனை. வேற எதுக்காகவும் நாம அப்படி வைக்கறதில்லையே. உள்ள எல்லாரும் பாடிட்டு இருக்காங்க, நான் மட்டும் ஆயாம்மாகூட படிக்கட்டுல உக்காந்திருக்கேன், அப்ப நான் ஏதோ தப்பு பண்ணிட்டேன், இப்படித்தான் அது கணக்கு போடும். மறுநாள் வீட்ல வந்து நானும் உள்ளயே இருக்கேனேன்னு கெஞ்சும், பெற்றோரும் சரி போன்னு விட்டுடுவாங்க. அது விருப்பம் இல்ல, தோத்துப்போய் ஒத்துக்கிட்டது.

இது புதுசு இல்ல. அமெரிக்காவுல இல்லினாய் மாநிலத்துல 1940கள்ல அரசு ஸ்கூலுக்குள்ளயே மத வகுப்பு நடத்தினாங்க, விருப்பம் இருக்கறவங்க மட்டும்தான்னாங்க. வாஷ்டி மெக்காலம்னு ஒரு அம்மா தன் பையன அனுப்ப மாட்டேன்னுட்டாங்க, அந்தப் பையன தனியா வராண்டாவுல உக்கார வெச்சாங்க. வழக்கு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய் 1948ல 8க்கு 1ன்னு அந்த அம்மா பக்கம் தீர்ப்பு வந்துச்சு. அந்தப் பையன் அஞ்சாங்கிளாஸ், நாம பேசறது இன்னும் ஷூ லேஸ் கட்டத் தெரியாத பிள்ளைங்கள பத்தி.

1992லயும் அதே கோர்ட், ஸ்கூல் பட்டமளிப்பு விழாவுல மத போதகர வெச்சு பிரார்த்தனை பண்றது கூடாதுன்னு சொல்லிச்சு. கூட நிக்கறவங்க எல்லாம் எழுந்து நிக்கறப்ப ஒரு பொண்ணு மட்டும் எப்படி உக்காந்திருப்பா, அதுவும் ஒரு கட்டாயம்தான்னாங்க. அந்தப் பொண்ணுக்கு வயசு 14. 14 வயசுக்கே தாங்க முடியாதத 4 வயசு தாங்கிக்கும்னு நாம எப்படி நினைக்கறோம்?

எல்லா மதப் பிரார்த்தனையும் ஆளுக்கு ஒரு நாள் சொல்ல வெச்சா சமமாயிடும்ல?

நல்ல மனசோட கேக்குறாங்க, புரியுது. ஆனா இதுல 3 சிக்கல் இருக்கு. எல்லாம்னு சொல்லிட்டு மூணு நாலு பெரிய மதத்தோட நிறுத்திடுவாங்க, சின்ன மதத்துக்காரங்களும் நம்பிக்கை இல்லாதவங்களும் அந்தப் பட்டியல்ல வரமாட்டாங்க. அப்புறம், தன் மதத்த ஆழமா கடைப்பிடிக்கற வீட்டுக்கு, பிள்ளை இன்னொரு மதத்து பிரார்த்தனைய வாயால சொல்றது மனசுக்கு கஷ்டமான விஷயம், அது சமம் இல்ல, எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சம் வலி. மூணாவது, குழந்தைக்கு அது வெறும் மனப்பாடப் பாட்டாயிடும், பிரார்த்தனைய புனிதமா நினைக்கறவங்களுக்கு அத விட அவமரியாதை என்ன இருக்கு.

சேர்ந்து பாட ஒரு பாட்டு வேணும்னா மழையப் பத்தி பாடுங்க, அம்மாவப் பத்தி பாடுங்க, யாரும் வெளிய போக வேணாம்.

பண்டிகை கொண்டாடலாமா?

கொண்டாடலாம். கனடாவுல க்யூபெக் மாகாணம் 2011ல அரசு மானியம் வாங்குற குழந்தை காப்பகங்கள்ல மத நம்பிக்கைய சொல்லிக்கொடுக்கறத தடை பண்ணப்ப, பண்டிகைய ஒரு கலாச்சாரமா கொண்டாடறத தடுக்கல. அதே அளவுகோல் போதும்னு நினைக்கறேன். விளக்கு, கலர் பேப்பர், இனிப்பு, புதுத்துணி, பாட்டி தாத்தா வந்து பேசறது, எல்லாம் சரி. வழிபாட்ட நடத்தறது, அந்த வேஷம் போட வெச்சு தெய்வமா உக்கார வைக்கறது, சம்மதம் கேக்காம நெத்திலயோ கைலயோ மத அடையாளம் இட்டு அனுப்பறது, இதெல்லாம் வேணாம்.

அப்புறம் ஒரே மதத்து பண்டிகைக்கு மட்டும் ஒரு வாரம் தோரணம் கட்டிட்டு மத்ததுக்கு போர்டுல வாழ்த்து மட்டும் எழுதினா குழந்தைக்கு அதுவும் பாடம்தான். யார் இந்த இடத்துக்கு சொந்தக்காரங்க யார் விருந்தாளிங்கன்னு அது சுலபமா கத்துக்கும்.

மதம் இல்லாம நல்லது கெட்டது எப்படி சொல்லிக்கொடுக்கறது?

அடிக்காத, வலிக்கும். பிடுங்காத, அவன் அழறான் பாரு. இதுக்கு மேல எதுவும் தேவைப்படல எனக்கு. ஜூடித் ஸ்மெட்டானான்னு ஒரு ஆராய்ச்சியாளர் 1981லயே காட்டினது, ரெண்டரை மூணு வயசு பிள்ளைங்க கூட, ரூல் இல்லாட்டியும் அடுத்தவங்கள அடிக்கறது தப்புன்னு சொல்றாங்க, பொம்மைய தப்பான இடத்துல வைக்கறது மாதிரி விஷயத்த அப்படி சொல்றதில்ல. யாரும் பாக்காட்டியும் தப்பு தப்புதான்னு அவங்களுக்கே ஒரு உணர்வு இருக்கு. அதுக்கு மேல "சாமி கண்ண குத்தும்"னு ஒரு பயத்த போடறப்ப அந்த நல்ல உணர்வ எடுத்துட்டு பயத்த வைக்கறோம். பயமுறுத்தி அமைதியாக்கறது, நரகம், சாபம், பேய், எந்த மதத்துக் கதையா இருந்தாலும் இந்த வயசுல வேணவே வேணாம், இதுல மட்டும் நான் விட்டுக்கொடுக்கறதே இல்ல.

குழந்தையே கேட்டா டீச்சர் என்ன பதில் சொல்லணும்? "சாமி எங்க இருக்கார்", "செத்துப்போன தாத்தா எங்க போனார்" இந்த மாதிரி?

கேப்பாங்க, கட்டாயம் கேப்பாங்க, அதுவும் நாம மூக்கு துடைச்சு விட்டுட்டு இருக்கறப்பதான். வாய மூடுன்னு சொல்லக்கூடாது, பேச்ச மாத்தவும் கூடாது, கேட்டதே தப்போன்னு அதுக்கு தோணிடும்.

சாமிய பத்தி கேட்டா நான் சொல்றது, "சில பேர் மேல இருக்கார்னு நம்பறாங்க, சில பேர் எல்லா இடத்துலயும் இருக்கார்னு நம்பறாங்க, சில பேர் இல்லன்னு நினைக்கறாங்க, உங்க வீட்ல என்ன சொல்வாங்க?" அவ்ளோதான். குழந்தை தன் வீட்டு பதில சொல்லும், "ஓ, உங்க வீட்ல அப்படியா, எங்கிட்ட சொன்னதுக்கு சந்தோஷம்"னு கேட்டுக்கணும், சரின்னோ தப்புன்னோ தீர்ப்பு வேணாம். நீங்க நம்பறீங்களா டீச்சர்னு நேரா கேட்டா? பொய் சொல்ல வேணாம். "அது என் வீட்டு விஷயம்டா கண்ணா, நீ உங்க அம்மா அப்பாகிட்ட பேசு"ன்னு சிரிச்சுட்டே சொன்னா எந்தக் குழந்தையும் கோச்சுக்காது.

சாவு பத்தினது கஷ்டம். "தூங்கறார்"னு சொல்லாதீங்க, அப்புறம் அந்தக் குழந்தை தூங்கவே பயப்படும். "தாத்தா உடம்பு வேலை செய்யறத நிறுத்திடுச்சு, இனிமே திரும்பி வரமாட்டார், உனக்கு தேடுதா" இதுவரைக்கும் டீச்சர் வேலை. அதுக்கு அப்புறம் அவர் எங்க போனார்ங்கறது வீட்டோடது. அன்னைக்கு சாயங்காலமே பெற்றோர்கிட்ட குழந்தை இப்படி கேட்டான், நான் இவ்ளோதான் சொன்னேன்னு சொல்லிடுங்க, அவங்க மீதிய அவங்க வழில சொல்லிக்கட்டும்.

ஒரு குழந்தை இன்னொண்ணுகிட்ட "நீ எங்க சாமிய கும்பிடல, நீ நரகத்துக்கு போவ"ன்னு சொன்னா?

திட்டாதீங்க, அது வீட்ல கேட்டத ஒப்பிக்குது. "உங்க வீட்ல அப்படி நம்பறாங்க, அவங்க வீட்ல வேற மாதிரி நம்பறாங்க, ஸ்கூல்ல யாரையும் பயமுறுத்தக் கூடாது"ன்னு ரெண்டு பேரையும் பக்கத்துல வெச்சு சொல்லுங்க. பயந்த குழந்தைய மடியில உக்கார வெச்சுக்கங்க, அதுதான் முதல் வேலை.

ஸ்கூல் முடிஞ்சதும் அதே க்ளாஸ்ரூம்ல மத வகுப்பு வெச்சா?

சட்டம் சில இடத்துல விடுது. 2001ல அமெரிக்க உச்ச நீதிமன்றம், மத்த க்ளப்புங்களுக்கு இடம் குடுக்குற ஸ்கூல் மத க்ளப்புக்கு மட்டும் இல்லன்னு சொல்ல முடியாதுன்னு தீர்ப்பு குடுத்துச்சு, 6 வயசு பிள்ளைங்க கூட அதுல சேரலாம், பெற்றோர் அனுமதி வேணும். சட்டமா சரியா இருக்கலாம், ஆனா அந்த வயசு குழந்தைக்கு மணி அடிக்கறதுக்கு முன்னாடி ஸ்கூல், மணி அடிச்ச பின்னாடி ஸ்கூல் இல்லங்கறது புரியுமா? அதே பெஞ்சு, அதே செவுரு. வேற கட்டடத்துல வைங்கன்னுதான் நான் கேப்பேன்.

எங்க வீட்ல பக்தி உண்டு. ஸ்கூல் இப்படி ஒதுங்கியே இருந்தா பிள்ளைக்கு நம்பிக்கை போயிடாதா?

போகாது. உங்க மடியில உக்காந்து கேக்குற கதைக்கும் 30 பேரோட ஒருத்தரா ஒப்பிக்கறதுக்கும் ஈடே கிடையாது. யோசிச்சு பாருங்க, இன்னைக்கு உங்க மதத்து டீச்சர் இருக்காங்க, நாளைக்கு மாத்தல்ல வேற மதத்துக்காரங்க வந்தா? பொது ஸ்கூல்ல மதம் வேணாம்ங்கற விதி உங்க வீட்டு நம்பிக்கையையும் சேர்த்துதான் காப்பாத்துது. அதே மாதிரி "சாமியெல்லாம் சும்மா, கட்டுக்கதை"ன்னு ஒரு டீச்சர் சொன்னாலும் அது அதே அளவு தப்பு, நான் அதுக்கும் சண்டை போட்டிருக்கேன்.

நான் டீச்சர், எனக்கு ஆழ்ந்த நம்பிக்கை இருக்கு. நான் என்ன மறைச்சுட்டா வாழணும்?

மறைக்க வேணாம், சுமத்த வேணாம். 1883ல ஃப்ரான்ஸ் கல்வி அமைச்சர் ஜூல் ஃபெரி டீச்சருங்களுக்கு எழுதின கடிதத்துல ஒரு அளவுகோல் சொன்னார், பிள்ளைங்ககிட்ட ஏதாவது சொல்றதுக்கு முன்னாடி, உங்க க்ளாஸ்ல ஒரே ஒரு தகப்பன் உக்காந்து கேட்டுட்டு இருந்தா, நியாயமான மனசோட அவரால இத ஒத்துக்க முடியாம போகுமான்னு யோசிங்க, போகும்னா சொல்லாதீங்க. 140 வருஷம் ஆச்சு, இத விட தெளிவா யாரும் சொல்லி நான் பாக்கல. நான் தகப்பனோட தாயையும் சேர்த்துக்குவேன், அவ்ளோதான்.

ஸ்கூல்ல இப்படி நடக்குதுன்னு தெரிஞ்சா எப்படி பேசறது?

முதல்ல குழந்தைய குறுக்கு விசாரணை பண்ணாதீங்க, "இன்னைக்கு காலைல என்னடா பண்ணீங்க"ன்னு சாதாரணமா கேளுங்க, அது பாடியே காட்டிடும். வாட்ஸ்அப் குரூப்ல போடாதீங்க, அங்க போட்டா பத்து நிமிஷத்துல அது மதச் சண்டையாயிடும். க்ளாஸ் டீச்சர தனியா பாருங்க, குத்தம் சொல்ற மாதிரி இல்லாம "காலைல பிரேயர் நடக்குதாம், என்னென்ன சொல்றாங்க, எங்ககிட்ட கேக்கலையே"ன்னு ஆரம்பிங்க. முக்கால்வாசி இடத்துல அவங்களே "ஐயோ நாங்க அப்படி யோசிக்கலையே"ன்னுதான் சொல்வாங்க. கேக்கலன்னா பிரின்ஸிபலுக்கு எழுத்துல குடுங்க, தேதி போட்டு, காப்பி வெச்சுக்கிட்டு. அதுல என் பிள்ளைய மட்டும் விட்டுடுங்கன்னு எழுதாதீங்க, இந்த வயசுக்கு வழிபாடே வேணாம், அந்த நேரத்துல எல்லாரும் சேர்ந்து செய்யற மாதிரி வேற ஏதாவது வைங்கன்னு எழுதுங்க. இல்லன்னா நாளைக்கு உங்க பிள்ளைதான் அந்த படிக்கட்டுல உக்காந்திருக்கும்.